அரைப் புத்தகத்துக்கு வரன் பார்த்தவர்

“புக்கைத் தூசி தட்டி அடுக்கறதுக்கு எதுக்குடி காலேஜு? தொடப்பம் பத்தாதா?”

நூலகப் படிப்புப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் கொல்லையில், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டே கேட்டார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பெரியம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் கையும் நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்துவிட்டு வெளியே வந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடத்தான் போனார்கள்.

அந்தக் கேள்விக்கு நல்லதாக ஒரு பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் ஆயின. ஒரு சமையல்காரர், ஒரு அரைப் புத்தகம், என்றோ செத்துப்போன ஒரு புழு ஆகிய மூவரின் உதவியும் தேவைப்பட்டது.

திருவண்ணாமலைக்கு உலகமே முழுமையைத் தேடி வருகிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பாதியைத் தேடிய ஒரே மனிதர் அரைபுக்கு சார்தான். பெற்றோர் வைத்த பேர் என்னவென்று ஆட்டோ ஸ்டாண்டிலும் தெரியாது, மளிகைக் கடையிலும் தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூடத் தெரு முனையில் நின்று “அரைபுக்கு வூடு எதுங்க?” என்றுதான் கேட்பார்.

படிப்பை முதல் வகுப்பில் முடித்தேன். சான்றிதழை எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சாமிதான் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. நூலக வேலை உடனே கிடைக்கவில்லை. ஆசிரமத்துக்கு அருகே, செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். வெளிநாட்டு விருந்தினர்கள் விட்டுப்போன புத்தகங்கள் அங்கே ஒரு பீரோவில் கிடந்தன. அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து, எண் ஒட்டி, அட்டவணை போட்டு வைத்தேன். முதலாளி வந்து பார்த்தார். “சூப்பரா கீதும்மா. அப்படியே டவலையும் பாத்துக்க” என்றார்.

அந்த மேசைக்கு முன்னால்தான் அரைபுக்கு சாரை முதலில் பார்த்தேன். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புகைப்படம். அறை கேட்டு வந்த ஒரு செம்பட்டைத் தலை இளைஞனை வழிமறித்து நின்றார். படத்தைக் காட்டக்கூட இல்லை. கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டார்:

“யுவர் கன்ட்ரி... யூ சீ தி அதர் ஹாஃப்?”

இளைஞன் முதுகுப் பையைக் கீழே வைத்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். என் மறுபாதியை நான் இன்னும் பார்த்ததில்லை என்பது இந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டான். 

சார் என் பக்கம் திரும்பினார். “என்னாம்மா சொல்றான்? பாத்திருக்கானா, இல்லியா?”

“பார்க்கலையாம் சார்.”

“அதுக்கு ஏம்மா அழுவறான்? எத்தினி பேரு பாக்கல!”

மறுநாள் அந்த இளைஞன் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு பேகோபுரத் தெருவில் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான். ஒரே கேள்வியில் மனிதனை உடைக்கிற குரு கிடைத்துவிட்டார் என்று செங்கம் சாலைக் காபிக் கடைகளில் பேச்சு. சார் பார்த்தார். “சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு இதையாவது உரிங்க” என்று ஒரு முறம் சின்ன வெங்காயத்தை நடுவில் வைத்தார். உரித்தார்கள். கண்ணீர் விட்டார்கள். மனசு லேசாகிவிட்டது என்றார்கள். அவர் மனைவி சரோஜா அக்காவுக்கு அந்த மாதம் முழுக்க வெங்காயச் சாம்பார்தான். கடைசியில் ஒருத்தி கை கூப்பிக்கொண்டு, மறுபாதியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டாள்.

“மூணு ஓட்டை இருக்கும், பாத்துக்க” என்றார் சார்.

எல்லாரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நான் ஒருத்திதான் அந்தப் புகைப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன் போலிருக்கிறது. தடித்த பழுப்புத் தாள். நெருக்கமான கறுப்பு எழுத்து. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மூன்று சின்ன ஓட்டைகள், அடுப்புக் கூட்ட வைத்த மூன்று கற்களைப் போல. படித்த படிப்பு உள்ளே துள்ளியது. “சார், இது ரொம்பப் பழைய அச்சு!” என்று கத்திவிட்டேன். 

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “டவல் எண்ணிக்கினு இருக்கற பொண்ணுதானே நீ?”

“நூலக அறிவியல்ல முதல் வகுப்பு.”

“அப்பிடியா? வூட்டுக்கு வா. கையைக் கழுவிட்டு வா.”

கதை இதுதான். சார் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வெகு காலம் சமையல்காரராக இருந்தவர். ஊர்ப் பேரைச் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று ‘காலேஜ் ஊர்’ என்றே சொல்வார். “நம்ம ஊர்ல கோயிலைச் சுத்தி ஊரு. அங்க காலேஜைச் சுத்தி ஊரு. மழை ஜாஸ்தி, உப்பு கம்மி.” கடைக்கு எதிரே ஒரு பழைய புத்தகக் கடை. அதன் சொந்தக்காரரான வெள்ளைக்காரத் தாத்தா தினமும் மத்தியானம் வந்து சாம்பார் வடை தின்பார். கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போகிற நாளில், ஒரு துணிப் பையைக் கொடுத்து, இத்தனை குளிர்காலம் என்னை உயிரோடு வைத்தது உன் சாம்பார்தான் என்று கட்டிப் பிடித்துக்கொண்டாராம். பையில் இருந்தது பாதிப் புத்தகம். அச்சு யந்திரம் அந்த ஊருக்கு வந்த புதிதில், அங்கே முதன்முதலாகக் கடை போட்ட அச்சுக்காரர் ஒருவர் அடித்தது. மொழி லத்தீன். முன் அட்டை இருக்கிறது. நடுவில் அறுத்த மாதிரி பின்பாதி இல்லை.

“ஏன் சார் பாதியா இருக்குது?”

“பாகப்பிரிவினை ஆயிருக்கும். அண்ணன் தம்பிங்க சண்டை. உனக்குப் பாதி, எனக்குப் பாதி.”

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சார் அந்த அண்ணன் தம்பிகளின் பெண்டாட்டிகள் வரைக்கும் யோசித்து வைத்திருந்தார். சண்டையை மூட்டியது மூத்தவளாம்.

புத்தகம் இருந்த இடம் ஒரு ஹாட் பாக்ஸ். கல்யாணப் பந்திக்குச் சப்பாத்தி எடுத்துப் போகிற பெரிய சைஸ். வெயிலும் பூச்சியும் உள்ளே போகாது என்பது சமையல்காரரின் முடிவு. உள்ளே வேப்பிலைச் சருகு, வசம்பு, அதற்கு மேல் வெள்ளைத் துண்டில் சுற்றிய புத்தகம். “எங்க கல்யாணத்துக்கு வந்த ஹாட் பாக்ஸும்மா அது. ஒரு நாள்கூட அதுல நான் இட்லி வச்சதில்ல” என்றார் சரோஜா அக்கா.

துண்டைப் பிரித்ததும் என் நெஞ்சு நின்றுவிட்டது. அழகினால் அல்ல. அட்டையின் நடுவே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

“சார்! என்னா இது?”

“ஆயுத பூஜை. போன வருஷத்துது.”

“வருஷா வருஷமா?”

“பின்ன? சரஸ்வதிக்கு லத்தீன் தெரியாதா?”

பக்கத்தில் கற்பூரமும் காட்டியிருக்கிறார். அன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். கடைசியில், பொட்டு வைப்பது ஹாட் பாக்ஸுக்கு மட்டும் என்று உடன்படிக்கை ஆனது.

புத்தகத்தைப் பற்றி அவர் பேசுகிற பேச்செல்லாம் அடுப்பங்கரைப் பேச்சு. அந்தக் காலத்துத் தாள் பழந்துணியை ஊறவைத்துக் கூழாக்கி வார்த்ததாம், “தோசைக்கு அரைச்ச மாதிரி”. மை எண்ணெயும் புகைக்கரியும், “நம்ம கண்மைதான்”. அந்தத் தாத்தா சொன்னதை இவர் பாஷையில் வைத்திருந்தார். ஆனால் அவர் உயிர் இருந்தது அந்த மூன்று ஓட்டைகளில். புழு ஒன்று முன் அட்டையில் நுழைந்து, முன்னும் பின்னுமாக மூன்று வழி போட்டு, தாள் தாளாகத் தின்றுகொண்டே போயிருக்கிறது. போகப் போக ஓட்டைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கடைசித் தாளிலும் ஓட்டை இருக்கிறது. அதற்குப் பிறகு புத்தகம் இல்லை.

“பந்தியில உக்கார வச்சிட்டுப் பாதியில இலையை எடுத்த மாதிரி ஆயிடுச்சு பாப்பா. அந்தப் புழு மீதியை எங்கியோ சாப்பிட்டிருக்கு. அது எங்கன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல.”

இதைச் சொல்லிவிட்டு மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போனிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கலாம் சார் என்று எடுத்தேன். பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார். “வேணாம்! இன்டர்வெல் வரைக்கும் படம் பாத்துட்டு கரண்ட் போனா எப்பிடி இருக்கும்? மீதி கிடைச்ச அப்பறம் மொத்தமாக் கேட்டுக்கறேன்.” 

அது ஒரு கதைப் புத்தகம் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். ராஜா உண்டு, சண்டை உண்டு, அநேகமாகக் காதலும் உண்டு.

தேடலை நான் கையில் எடுத்தேன். இதற்குத்தான் படித்தேன் என்று எனக்குத் தோன்றியது, டவலுக்கு அல்ல. பழைய நூல்கள் வைத்திருக்கும் நூலகங்களுக்கு மின்னஞ்சல் எழுதுவோம் என்றேன். சார் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினார்: “எழுதிக்க. நாங்க கௌரவமான குடும்பம். எங்க பொண்ணு நல்ல நிறம். கொஞ்சம் வயசு ஜாஸ்தி, ஆனா தெம்பா இருக்குது. உடம்புல மூணு மச்சம்...”

“சார், இது லைப்ரரி.”

“வரன் எங்க இருந்தா என்னாம்மா?”

அன்றிலிருந்து அது வரன் தேடலாகவே ஆகிவிட்டது. நான் தாளின் அளவு, வரிகளின் எண்ணிக்கை, ஓட்டைகளின் இடம் எல்லாம் குறித்து ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதினேன். பதில்கள் வந்தன. எல்லாம் “மன்னிக்கவும்” என்று தொடங்கின. ஒவ்வொன்றையும் அவரிடம் படித்துக் காட்டுவேன். “ஜாதகம் சேரலன்னு சொல்றாங்க, அவ்ளோதானே? அடுத்த எடம் பாரு” என்பார்.

கடைசியில் அந்தக் காலேஜ் ஊர் நூலகத்திலிருந்தே பதில் வந்தது. அவர் அத்தனை வருடம் சாம்பார் வைத்த கடையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் நூலகம். தங்களிடம் முன்பாதி இல்லாத ஒரு நூல் இருக்கிறது என்றும், அதன் முதல் தாளில் மூன்று துளைகள் உள்ளன என்றும் எழுதியிருந்தார்கள். உண்மை அளவில் படமும் இருந்தது.

சார் வீட்டுக்கு நான் ஓடிய ஓட்டத்தில் விடுதிச் சாவிக்கொத்து இடுப்பிலேயே வந்துவிட்டது. கேக் சுடும்போது போடுகிற பட்டர் பேப்பரைச் சார் கொண்டுவந்தார். அவருடைய கடைசித் தாளின் ஓட்டைகளை அதில் வரைந்து, பிரதி எடுத்த படத்தின் மேல் வைத்தேன். மூன்றும் மூன்றின் மேலேயே உட்கார்ந்தன.

சார் பட்டர் பேப்பரை எடுத்துவிட்டு மறுபடி தன் கையால் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “சரோஜா! பொருத்தம் இருக்குதுடி. பாயசம் வை.”

நூலகத்தில் பழைய நூல்களுக்குப் பொறுப்பான அம்மா ஒருவர் வேறு வேலையாகச் சென்னை வருவதாகவும், அப்படியே திருவண்ணாமலைக்கு வந்து நூலைப் பார்க்க விரும்புவதாகவும் எழுதினார். சாரைப் பொறுத்தவரை இதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்க வருகிறார்கள்.

அந்த அம்மா வந்து இறங்கியபோது வாசலில் கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. சரோஜா அக்கா பட்டுப் புடவையில். தெருவே ஜன்னலில். தட்டில் கேசரி, இன்னொரு தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. அந்த அம்மா உயரமானவர், மெலிந்தவர், மிகவும் மரியாதையானவர். பஜ்ஜி எண்ணெயையும் ஹாட் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்து அவர் முகம் போன போக்கு எனக்கு மட்டும்தான் புரிந்தது. சோப்பு எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

மொழிபெயர்ப்பு நான். அன்றைக்கு இரண்டு பக்கத்து மானத்தையும் காப்பாற்றியது என் ஆங்கிலம்தான் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

“பையன் வூட்ல எலி உண்டான்னு கேளு.”

நூலகத்தில் பூச்சித் தடுப்பு ஏற்பாடுகள் எப்படி என்று கேட்டேன்.

“பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுனா?”

பின்பாதியில் ஈரக்கறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். இரண்டு பக்கத்தில் லேசாக உண்டு என்றார். “தண்ணி” என்று சார் பெருமூச்சு விட்டார். “பரவால்ல. அந்த ஊரு குளுரு அப்பிடி.”

புத்தகத்தைப் பிரித்ததும் அந்த அம்மா மாறிவிட்டார். பஜ்ஜி மறந்தது, தெரு மறந்தது. விரல் நுனியால் தாளைத் திருப்பத் திருப்பக் கண் கலங்கியது. ஹாட் பாக்ஸ் யோசனை மோசமில்லை என்றார். அட்டையில் இருந்த சிவப்பு என்ன என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, குங்குமம் என்ற சொல்லை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். பிறகு உற்சாகமாக, “இது என்ன நூல் என்று தெரியுமா? இது...” என்று தொடங்கினார்.

“கதையைச் சொல்லாதீங்க!” என்று அலறி, சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். 

அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மா என் காதில் சொல்லிவிட்டார். அது தர்க்கப் பாடநூல். காலேஜில் சேர்ந்த புதுப் பையன்களுக்கு எப்படி ஒழுங்காக வாதம் செய்வது என்று சொல்லிக் கொடுப்பது. ராஜா இல்லை. சண்டை இல்லை. காதல் நிச்சயமாக இல்லை.

அதை மட்டும் நான் சாருக்கு மொழிபெயர்க்கவில்லை.

அதன் பிறகுதான் சிக்கல். இந்த நூலை எங்களுக்கு அளித்தால் இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகும் என்றார் அவர். சார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “பையனை இங்க அனுப்பிடச் சொல்லு. வீட்டோட மாப்பிள்ளையா இருக்கட்டும். இன்னொரு ஹாட் பாக்ஸ் வாங்கிடலாம்.”

அந்த அம்மா தன்மையாக விளக்கினார். நூலகத்தின் உடைமை வெளியே வராது, யார் கேட்டாலும் வராது. சார் கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிடு பாப்பா. பெத்த பொண்ணை அவ்ளோ தூரம் தனியா அனுப்ப முடியாது.”

அந்த அம்மா வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது, பின்பாதியின் முதல் சில தாள்களை அதே அளவில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்ததை அவரிடம் பரிசாகக் கொடுத்தார். துளைகளையும் துல்லியமாக வெட்டியிருந்தார்கள். சார் அதைத் தன் கடைசித் தாளுக்குப் பின்னால் வைத்தார். போனில் டார்ச்சைப் போட்டு அந்தக் கடைசித் தாளின் முன்பக்கத்திலிருந்து காட்டினார். எதிர்ச் சுவரில் மூன்று வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அம்மாவின் கார் போன சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை. எனக்குத் தாம்பூலத் தட்டோடு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த அம்மா காரில் ஏறுமுன் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவர்கள் நூலகத்தில் இளம் நூலகர்களுக்குப் பழைய நூல் பராமரிப்பில் பயிற்சி உண்டு, விண்ணப்பித்துப் பார் என்றார். விண்ணப்பித்தேன். நேர்காணல் வீடியோவில் நடந்தது. அவர் அந்தக் குழுவில் இல்லை. சம்பந்தி சிபாரிசு எதுவும் கிடையாது என்பதை ஊரார் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய புத்தகங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து எது என்று கேட்டார்கள். அன்பு என்றேன். சந்தனத்தையும் கற்பூரத்தையும் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். இடம் கிடைத்தது.

இதைச் சாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே விடுதிக்கு வந்தார். கையில் புகைப்படம் இல்லை. வெளிநாட்டுக்காரர் யாரையும் மறிக்கவில்லை. மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா, தினம் தொறந்து பாக்கறேன். பக்கத்துல அந்த ஜெராக்ஸு பளபளன்னு உக்காந்துக்கினு கீது. பொண்ணு மூஞ்சியே சரியில்ல.”

“ம்.”

“ஜெராக்ஸோட எத்தினி நாளைக்குக் குடும்பம் நடத்தும்?”

நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“எழுதிடு. பொண்ணைக் கொடுக்கறோம்னு. ஒரு கண்டிஷன். புகுந்த வூட்டுக்குத் தனியாப் போவாது. பொறந்த வூட்லருந்து தொணைக்கு ஒரு ஆளு போவணும். எனக்கு முட்டி வலி. சரோஜா பிளேன் ஏற மாட்டா.” கொஞ்சம் தயங்கினார். “நீ போறியா?”

பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்துச் சொன்னதும், “அடிப் பாவி! தோழிப் பொண்ணு எங்களுக்கு முன்னாடியே டிக்கெட் போட்டுடிச்சு!” என்று விடுதியே திரும்பிப் பார்க்கக் கத்தினார். பிறகு வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பழைய புத்தகத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் அனுமதிக் காகிதங்களுக்காக நூலகத்தாரும் நானும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதைத் தனிக் கட்டுரையாக எழுதினாலும் யாரும் படிக்க மாட்டீர்கள். எல்லாம் முடிந்து, சென்னை விமான நிலையத்துக்கு ஒரு வேன் பிடித்து வந்தோம். சாரும் சரோஜா அக்காவும், என் அப்பா அம்மாவும், பெரியம்மாவும், முறுக்கு, அதிரசம், ஒரு மூட்டை மல்லாட்டை. புத்தகம், தாளை அரிக்காத, அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. சார் சட்டைப் பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார்.

“சார், பெட்டிமேல கூடாது. பேசி முடிச்சிருக்கோம்.”

“தெரியும்மா, தெரியும்.” ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் வைத்தார். “அதுக்குப் பதிலா நீ வச்சிக்க.”

பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “அங்க என்னாடி வேலை குடுப்பாங்க?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். இப்போது தெரியும். முதல் வாரம் முழுக்க அவர்கள் எனக்குக் கொடுத்தது மெல்லிய மயிர்த் தூரிகை ஒன்று. பழைய புத்தகங்களைத் தூசி தட்டினேன். பெரியம்மா சொன்னது சரி. காலேஜ் வேண்டியிருந்தது அந்தத் தொடப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இரண்டு பாதிகளையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்த அன்று வீடியோவில் சாரை அழைத்தேன். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நாதஸ்வரம் ஒலித்தது, இன்னொரு போனில்.

“பாப்பா, புழு என்னா ஆச்சு? சாப்பிட்டு முடிச்சுதா?”

தாள் தாளாகத் திருப்பிக் காட்டினேன். மூன்று ஓட்டைகள் நெருங்கி நெருங்கி, இரண்டாகி, ஒன்றாகி, ஊசிமுனை ஆகி, ஒரு பக்கத்தில் வெறும் தழும்பாக நின்றுவிட்டன. அதற்குப் பிறகு நிறையத் தாள் மீதி இருந்தது.

“நின்னுடுச்சு சார்.”

அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். “வயிறு நெறஞ்சிருக்கும்” என்றார். அவ்வளவு நிம்மதியான குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. உடனே நிமிர்ந்தார். “சரி. இப்ப கதையைச் சொல்லு.”

அது கதை இல்லை என்று சொல்லியிருக்கலாம். தர்க்கம் படித்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நான், “லத்தீன் கத்துக்கிட்டு நானே படிச்சுச் சொல்றேன் சார்” என்றேன். இங்கே மாலை வகுப்பு உண்டு. அடுத்த நாளே சேர்ந்துவிட்டேன். அகராதியும் வகுப்பு ஆசிரியரின் பொறுமையும் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு வாக்கியம் என்று போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன்: “எதைப் பற்றி வாதிடப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.”

“யப்பா!” என்றார் சார். “ஆரம்பமே விறுவிறுப்பா கீது. பேசறது யாரு, வில்லனா?”

இந்த வாரத்து வாக்கியத்தை நேற்றே முடித்து வைத்துவிட்டேன். அதிலும் வில்லன் வரவில்லை. அவர் கேட்டால், சீக்கிரம் வந்துடுவான் சார் என்று சொல்லப் போகிறேன்.